வீடு முழுக்கப் பாட்டு: பல அறை இசை அமைப்புக்கு என்ன வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக வீடு கட்டுகிறவர்களும், இருக்கிற வீட்டிலேயே எல்லா அறையிலும் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில் சொல்லும்போது நான் மனதில் வைத்திருப்பது நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கிற வீடு: செங்கல் சுவர், கான்கிரீட் தளம், கீழே ஹால், சமையலறை, பூஜை அறை, ஒரு படுக்கையறை, மாடியில் இன்னும் இரண்டு படுக்கையறை, அதற்கு மேல் மொட்டை மாடி. இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டிய அமெரிக்க வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதி வேலைக்கு ஆகாது.

இரண்டு மூன்று ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வைத்தால் போதாதா?

ஒரு அறைக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போதும். அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

வீடு முழுக்க என்று வரும்போதுதான் சிக்கல். ப்ளூடூத்தில் பாட்டு உங்கள் போனிலிருந்து போகிறது. போன் அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாட்டும் கூடவே போய்விடும். தூரம் சுமார் 10 மீட்டர்தான், நடுவில் ஒரு செங்கல் சுவர் வந்தால் அதுவும் குறையும். வைஃபை வழியாக இயங்கும் கருவிகளில் பெரும்பாலானவை பாட்டை இணையத்திலிருந்து தாமே எடுத்துக்கொள்ளும். உங்கள் போன் வெறும் ரிமோட்தான். நீங்கள் ஊருக்குப் போனாலும் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆப்பிளின் ஏர்பிளே மட்டும் இதில் நடுவில் நிற்கிறது. அது வைஃபையில் போனாலும் பாட்டு ஐபோன் வழியாகத்தான் போகிறது. ஆக, போன் வாசலைத் தாண்டினால் பாட்டு நின்றுவிடும்.

ஒரே பாட்டு எல்லா அறையிலும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். இதில் என்ன பெரிய சிரமம்?

ஒலி ஒரு மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட 3 மில்லிவினாடி எடுக்கிறது. ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்து, இடைவெளி 30 முதல் 40 மில்லிவினாடிக்குள் இருந்தால் நம் காது அதை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எதிரொலி போலக் கேட்கும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நிலைப்படியில் நின்று கேட்டுப் பாருங்கள், உடனே தெரியும். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை விழும். ஐந்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும்.

இதற்காகத்தான் நல்ல கருவிகள் தமக்குள் ஒரே கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த நொடியில் எல்லாம் சேர்ந்து ஒலிக்கின்றன. ஒரே முறையில் இயங்கும் கருவிகளை ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டால், ஒரு குடும்பத்தின் கடிகாரம் இன்னொன்றுக்குப் புரியாது. ஹாலுக்கு ஒரு கம்பெனி, படுக்கையறைக்கு இன்னொன்று என்று தள்ளுபடியில் கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தால், கடைசியில் அவை ஒன்றாகப் பாடாது. முதல் கருவியை வாங்கும்போதே எந்தக் குடும்பம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சரி, எந்தக் குடும்பம்?

வீட்டில் எல்லார் கையிலும் ஐபோன் என்றால் ஏர்பிளே 2. ஆண்ட்ராய்டும் ஐபோனும் கலந்திருந்தால் கூகுள் காஸ்ட். ஏற்கெனவே அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் நாலு இருந்தால் அலெக்ஸாவின் பல அறைக் குழு. இவை தவிர சோனோஸ், யமஹாவின் மியூசிக்காஸ்ட், டெனானின் ஹியோஸ், புளூசவுண்டின் புளூஓஎஸ், வீம் எனத் தனிக் குடும்பங்கள் உண்டு. இவற்றில் பல, தம் சொந்த ஆப் தவிர ஏர்பிளேக்கும் இடம் கொடுக்கும்.

வாங்கும்போது பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மாடல் மாடலாகப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரை வைத்து நம்ப வேண்டாம். உதாரணத்துக்கு, வீம் புரோவில் ஏர்பிளே 2, கூகுள் காஸ்ட் இரண்டும் உண்டு. அதே நிறுவனம் 2024இல் கொண்டுவந்த, அதைவிட விலை கூடிய வீம் அல்ட்ராவில் அது வெளிவந்தபோது ஏர்பிளே கிடையாது. ஐபோன் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம்.

எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் அது நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். இந்தத் துறையின் கதையைப் பார்த்தாலே புரியும். ஸ்குவீஸ்பாக்ஸ் என்று அருமையான ஒரு கருவி இருந்தது. 2006இல் லாஜிடெக் அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியது, 2012இல் கருவியை நிறுத்தியது. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்தது. சின்ன வட்டப் பெட்டி, பழைய ஆம்ப்ளிஃபயரில் செருகினால் போதும், அந்த விலைக்கு அதற்கு இணை இல்லை. 2019 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2025 மார்ச்சில் ஒரு நாள், உள்ளே இருந்த பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி உலகம் முழுக்க அவை மௌனமாகிவிட்டன. சில நாளில் கூகுள் சரிசெய்தது என்பது வேறு விஷயம். சோனோஸ் 2024 மே மாதம் தன் ஆப்பைப் புதிதாக மாற்றி வெளியிட்டது. அலாரம் முதல் பாட்டு வரிசை வரை பல வசதிகள் காணாமல் போய், வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2025 ஜனவரியில் அதன் தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார். இதற்கு முன் 2022 ஜனவரியில், சோனோஸ் தொடுத்த காப்புரிமை வழக்கில் வந்த தீர்ப்பால், குழுவாக இருக்கும் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றின் ஒலியையும் ஒரே தடவையில் கூட்டிக் குறைக்கும் வசதியை கூகுள் தன் கருவிகளிலிருந்து எடுத்தது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் இருந்த வசதி, யாரோ இரண்டு பேர் போட்ட வழக்கில் போனது.

ஆகவே இணையத்தோடு பேசும் பெட்டிக்கு ஐந்து முதல் எட்டு வருஷம் ஆயுள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் போகும். சுவருக்குள் போட்ட செம்பு வயர் வீடு இருக்கும்வரை இருக்கும். பணத்தையும் அந்த விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும். வயரில் கஞ்சத்தனம் வேண்டாம், ஸ்பீக்கரில் நிதானம், பெட்டியில் கொஞ்சம் சிக்கனம்.

அப்படியானால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த வைஃபை ஸ்பீக்கர் வாங்கக் கூடாதா?

வாங்கலாம். வாடகை வீட்டுக்கு அதுதான் சரி, கழற்றிப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம். ஆனால் அதில் உள்ள கணினிப் பகுதி செத்தால் நல்ல நிலையில் இருக்கும் ஸ்பீக்கரையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியிருக்கும். சொந்த வீட்டில் மூன்றையும் தனித்தனியாக வைக்கவே நான் சொல்வேன்: சாதாரண ஸ்பீக்கர், அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், அதற்கு முன்னால், இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரீமர் பெட்டி. எட்டு வருஷம் கழித்து ஸ்ட்ரீமரை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருகினால் முடிந்தது. ஸ்ட்ரீமரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் வரும் வீம் ஆம்ப், சோனோஸ் ஆம்ப் போன்றவை நடுவழி. இடம் மிச்சம், வயர் குறைவு.

ஒரு விதிவிலக்கு பூஜை அறை. அங்கே காலையில் அரை மணி நேரம் பக்திப் பாடல் ஓட ஒரு சின்ன ஸ்மார்ட் ஸ்பீக்கர் போதும். எண்ணெய், விபூதி, ஊதுபத்திப் புகை எல்லாம் படும் இடத்தில் விலை உயர்ந்ததை வைப்பானேன்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். வயரிங் பற்றி எலக்ட்ரீஷியனிடம் எப்போது, என்ன சொல்ல வேண்டும்?

தளம் கான்கிரீட் போடுவதற்கு முன்பு. கம்பி கட்டி முடித்து, மின்சாரப் பைப் போடும் அந்த இரண்டு நாளில் சொல்லாவிட்டால், பிறகு சுவரை வெட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

முதலில் எல்லா வயரும் வந்து சேரும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். படிக்கட்டுக்குக் கீழே உள்ள இடமோ, ஹால் பரணோ நல்லது. காற்றோட்டம் வேண்டும், குளியலறைச் சுவரை ஒட்டி வேண்டாம். ரவுட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அங்கேதான் உட்காரும். அங்கே குறைந்தது ஆறு பிளக் பாயின்ட் கேளுங்கள். எலக்ட்ரீஷியன் சிரிப்பார். பரவாயில்லை.

அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் 25 மி.மீ. பைப் ஒன்று தனியாக. அதில் இரண்டு கேட் 6 நெட்வொர்க் கேபிளும், ஸ்பீக்கர் வரப்போகும் இரண்டு இடத்துக்கும் ஸ்பீக்கர் வயரும். இன்றைக்குத் தேவையில்லாத அறைக்கும் காலிப் பைப்பாவது போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வைக்கச் சொல்லுங்கள். பைப் இருந்தால் பத்து வருஷம் கழித்தும் ஸ்பிரிங் விட்டு வயர் இழுத்துக்கொள்ளலாம். வளைவுகளில் எல்போவுக்குப் பதில் பைப்பையே பெரிய வளைவாக வளைத்தால் இழுப்பது சுலபம். மொட்டை மாடிக்கும் சிட் அவுட்டுக்கும் ஒரு பைப் போக வேண்டும். எல்லோரும் மறப்பது இந்த இரண்டைத்தான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஸ்பீக்கர் வயரும் நெட்வொர்க் கேபிளும் 230 வோல்ட் வயர் போகும் அதே பைப்பில் போகக் கூடாது. இது பாதுகாப்பு விஷயம், இரைச்சல் அப்புறம்தான். "பைப்பில் இடம் இருக்கிறதே சார்" என்பார்கள். இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் நீளமாகப் போக வேண்டியிருந்தால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்குறுக்காகக் கடக்கட்டும்.

பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்தபடி போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு நாள் ஏசி மாட்டுகிறவர் டிரில்லோடு வந்து நிற்கும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும்.

ஸ்பீக்கர் வயர் எவ்வளவு தடிமன்? கடையில் சொல்லும் 'ஆக்சிஜன் ஃப்ரீ' வயர்தான் வேண்டுமா?

வேண்டாம். செம்பாக இருந்தால் போதும், தடிமன் சரியாக இருந்தால் போதும்.

கணக்கு எளிது. வயரின் மின்தடை, ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 0.4 ஓம். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் கிலோமீட்டருக்குச் சுமார் 13 ஓம். போகவும் வரவும் இரண்டு இழை என்பதால் 15 மீட்டர் தூரத்துக்கு 30 மீட்டர் வயர், அதாவது ஏறக்குறைய 0.4 ஓம். ஆகவே 15 மீட்டர் வரை 1.5 போதும். அதற்கு மேல் 25 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் இந்தத் தூரங்கள் பாதியாகும்.

கவனிக்க வேண்டியது கலப்படம். சிவப்பு, கறுப்பு இரட்டை வயராகச் சுருள் சுருளாக விலை குறைவாக விற்பதில் பலவும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. நுனியைச் சீவி, ஓர் இழையைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியம். அதன் தடை அதிகம், கொஞ்சம் மடக்கினால் இழை ஒடியும், நம் கடலோரக் காற்றில் இணைப்புகள் சீக்கிரம் கெடும். கையில் எடுத்துப் பார்த்தாலே லேசாக இருக்கும். பேசாமல் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் நல்ல கம்பெனியின் மல்டிஸ்ட்ராண்ட் செம்பு வயரையே வேறு நிறத்தில் வாங்கிப் போடலாம். மின்சார வயரின் நிறத்தில் மட்டும் வேண்டாம், குழம்பிவிடும்.

வீடு கட்டி முடிந்துவிட்டது. சுவரை உடைக்க வீட்டில் சம்மதம் இல்லை.

நியாயம்தான். வைஃபையை நம்பலாம், ஆனால் ஒரே ரவுட்டரை நம்பாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போதே நன்றாகத் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதில்தான் நெரிசலடித்துக்கொண்டிருப்பார்கள்.

தளத்துக்கு ஒரு வைஃபை பெட்டி வையுங்கள். கீழ்ப் பெட்டிக்கும் மேல் பெட்டிக்கும் நடுவே ஒரே ஒரு கேட் 6 கேபிள் போய்விட்டால் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது. அதற்குப் புதிதாகச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பழைய கேபிள் டிவி, டெலிபோன் வயர் போன பைப் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அந்தப் பழைய வயரின் முனையிலேயே புதுக் கேபிளைக் கட்டி மறுபக்கத்திலிருந்து இழுத்தால் வந்துவிடும்.

பாட்டுக்குத் தேவைப்படும் வேகம் ரொம்பக் குறைவு. சிடி தரத்தில் ஓர் அறைக்கு நொடிக்கு 1.4 மெகாபிட். ஐந்து அறைக்கும் சேர்த்து ஏழுதான். ஆகையால் அதிக வேகத் திட்டம் வாங்கிப் பயனில்லை. விட்டு விட்டுக் கேட்கிறது என்றால், அறைக்குள் அலை நிலையாக வருகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சீலிங்கில் பதிக்கும் ஸ்பீக்கரா, சுவரில் மாட்டுவதா, ஷெல்ஃபில் வைப்பதா?

உட்கார்ந்து கேட்கும் இடத்தில் சீலிங் ஸ்பீக்கர் வேண்டாம். பாடகர் தலைக்கு மேலிருந்து பாடுவது போல இருக்கும். ஹாலில் இரண்டு நல்ல ஷெல்ஃப் ஸ்பீக்கரை, உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். நடமாடிக்கொண்டே கேட்கும் சமையலறை, சாப்பிடும் இடம், நடைபாதை ஆகியவற்றுக்குச் சீலிங் ஸ்பீக்கர் பொருத்தம்.

ஆனால் அதற்கு ஃபால்ஸ் சீலிங் இருக்க வேண்டும். வெறும் கான்கிரீட் தளத்தில் பதிக்க முடியாது. வழக்கமான 6.5 அங்குல ஸ்பீக்கருக்கு உள்ளே சுமார் நாலு அங்குல ஆழம் தேவை. ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் உயரத்தை மிச்சம் பிடிக்க மூன்று அங்குலத்தில் நிறுத்திவிடுவார். ஸ்பீக்கரை முதலில் வாங்கி, துளை வெட்ட அதனுடன் வரும் அட்டை வார்ப்பை அவர் கையில் கொடுத்துவிட்டால் தகராறு இல்லை. ஃபேன் சிறகுக்கு நேர் மேலே வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒலி வெட்டி வெட்டிக் கேட்கும்.

இன்னொன்று. டைல்ஸ் தரை, பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல், கம்பளம் கிடையாது. நம் அறைகள் எதிரொலிக்கும். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கனமான திரைச்சீலை போட்டால் வரும் முன்னேற்றம், இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரில் வராமல் போகலாம்.

எத்தனை வாட் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. சாதாரண ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி, 86 முதல் 88 டெசிபல் ஒலி கொடுக்கும். நாம் பேசுவது 60 டெசிபல் அளவில். வேலை பார்த்துக்கொண்டே கேட்கும்போது உங்கள் ஆம்ப்ளிஃபயர் ஒரு வாட்கூடச் செலவு செய்யாது. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆக 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஹாலுக்கு 50, மற்ற அறைகளுக்கு 20 முதல் 30 போதும்.

பெட்டியில் 5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஏதோ ஓர் உச்ச அளவு போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். அந்தக் கணக்குக்கு எந்தத் தரநிலையும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய அளவான ஆர்.எம்.எஸ். என்று, எத்தனை ஓமில் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

ஒரே ஆம்ப்ளிஃபயரில் நாலு அறை ஸ்பீக்கரையும் சேர்த்துவிடலாமா?

8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் இணையாகக் கொடுத்தால் 4 ஓம். நாலைக் கொடுத்தால் 2 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்காது. சூடாகித் தானே அணைந்துவிடும், மலிவானது என்றால் புகைந்துவிடும். அதோடு, எல்லா அறையிலும் ஒரே பாட்டுதான் ஓடும்.

இதற்குப் பதில் அறைக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைக்கலாம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ. 3116 சில்லு போட்ட உள்ளங்கை அளவு கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன, சூடும் ஆகாது. அல்லது ஒரே பெட்டியில் பன்னிரண்டு சானல் வரும் ஆம்ப்ளிஃபயர் உண்டு. டேட்டன் ஆடியோவின் எம்.ஏ. 1240ஏ அப்படிப்பட்டது, சானலுக்கு 40 வாட், ஆறு அறைக்கு ஸ்டீரியோ. அதை இறக்குமதி செய்யும் வரியையும், பழுதானால் அனுப்பும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆறு அறையும் ஒரே பெட்டியில் இருந்தால் ஆறும் ஒரே நாளில் நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு.

கல்யாண மண்டபத்திலும் கோயிலிலும் பார்க்கும் 100 வோல்ட் லைன் முறை வேறு. அஹூஜா போன்ற கம்பெனிகளின் அந்த ஆம்ப்ளிஃபயரில் நீள வயரில் வரிசையாகப் பத்து ஸ்பீக்கர் மாட்டலாம். பெரிய தோட்டம், பண்ணை வீடு என்றால் யோசிக்கலாம். அறைக்குள் பாட்டு ரசிக்க அது வேண்டாம்.

குளியலறை, சமையலறை, மொட்டை மாடி?

குளியலறைக்குத் தண்ணீர் புகாத சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். பிளக்கில் செருகி ஓடும் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். சமையலறையில் தாளிக்கும் புகை மேலே போய் சீலிங் ஸ்பீக்கரின் வலையில் பிசுபிசுப்பாகப் படியும், எனவே அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ளதாக வாங்குங்கள். மொட்டை மாடிக்கு, தூசியும் தெறிக்கும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரமாவது வேண்டும். ஆம்ப்ளிஃபயர் கீழேயே இருக்கட்டும், வயர் மட்டும் மேலே போகட்டும். கடற்கரை ஊராக இருந்தால் இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு ஆப் எல்லாம் வராது. அவர்கள் எப்படிப் பாட்டுப் போடுவது?

என்னைக் கேட்டால், வாங்கும் முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். திருகுகிற குமிழ் ஒன்றாவது இல்லாத கருவியைப் பெரியவர்கள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். முன்பக்கத்திலோ ரிமோட்டிலோ எண் பொத்தான்கள் உள்ள ஸ்ட்ரீமர்கள் உண்டு. 1ஐ அழுத்தினால் வானொலி, 2ஐ அழுத்தினால் பக்திப் பாடல், 3ஐ அழுத்தினால் பழைய பாடல் என்று பதிந்து கொடுத்துவிடலாம். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். குரலில் கேட்கும் ஸ்பீக்கரும் உதவும், ஆனால் பாட்டின் பெயரை அதற்குப் புரிகிற மாதிரி உச்சரிக்கும் பொறுமை எல்லாருக்கும் இருப்பதில்லை.

அப்புறம் சுவரில் இருக்கும் சுவிட்ச். நம் வீட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் சுவிட்ச் உண்டு. அறையை விட்டுப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது பெரியவர்கள் ஐம்பது வருஷமாகச் செய்துவரும் நல்ல பழக்கம். அப்படி அணைத்தால் ஸ்ட்ரீமரும் அணையும். மறுபடி போட்டால் வைஃபையில் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் "கெட்டுப்போச்சு" என்ற முடிவு வந்திருக்கும். அவர்களைத் திருத்தப் பார்க்காமல், அந்தக் கருவிக்கு மட்டும் அலமாரிக்குப் பின்னால் கை படாத பாயின்ட் ஒன்று கொடுத்துவிடுங்கள்.

டிவி சத்தத்தையும் எல்லா அறையிலும் கேட்கலாமா?

கிரிக்கெட் வர்ணனையைச் சமையலறையில் கேட்கலாம். ஆனால் கருவிகள் ஒலியை முன்கூட்டி வாங்கி வைத்து ஒலிப்பதால் சற்றுத் தாமதம் இருக்கும். டிவி உள்ள அறையில் அந்த ஸ்பீக்கரையே பயன்படுத்தினால் உதடும் குரலும் பொருந்தாமல் போகலாம். டிவிக்கு, அதன் ஒலியை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. துளை வழியாக நேராக ஒரு ஆம்ப்ளிஃபயரோ சவுண்ட்பாரோ கொடுத்துவிட்டு, பல அறை அமைப்பைப் பாட்டுக்கு விட்டுவிடுவது நிம்மதி.

என்னிடம் சிடி, கேசட், ஹார்ட் டிஸ்க் நிறையப் பாட்டு இருக்கிறது.

அதிர்ஷ்டசாலி. இணைய நிறுவனங்கள் வரும், போகும். ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டபோது அதில் வருஷக்கணக்காகச் சேர்த்த பாட்டு வரிசைகள் போயின. உங்கள் வட்டில் இருப்பது உங்களோடு இருக்கும்.

கேசட் பிளேயர், ரெக்கார்டு பிளேயர் இருந்தால் வெளிக் கருவியின் ஒலியை உள்ளே வாங்கும் லைன் இன் துளை உள்ள ஸ்ட்ரீமர் வாங்குங்கள். அதில் செருகினால் வீடு முழுக்க ஒலிக்கும். அலெக்ஸா குழுவில் இது கஷ்டம். ப்ளூடூத்தில் எக்கோவுக்கு வரும் பாட்டு மற்ற அறைகளுக்குப் போகாது.

சிடிக்களைத் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் கணினியில் ஏற்றி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றில் லிரியன் மியூசிக் சர்வரைப் போட்டுவிடலாம். முன்பு சொன்ன ஸ்குவீஸ்பாக்ஸின் மென்பொருள்தான் இது. கருவியை நிறுத்தி, லாஜிடெக் நடத்திய இணையச் சேவையும் 2024இல் மூடப்பட்ட பிறகும், திறந்த மூல நிரல் என்பதால் ஆர்வலர்கள் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் டாக் பலகை (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஒலியாக மாற்றுவது) மாட்டிய ஒரு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ, அதில் பாட்டு ஓட்டும் பைகோர்பிளேயர் மென்பொருள் என்று அமைத்தால் எல்லா அறையும் இம்மி பிசகாமல் ஒன்றாகப் பாடும். வார இறுதிகளில் கணினியோடு மல்லுக்கட்டப் பிடிக்கும் என்றால் மட்டும் இந்த வழி. நீங்கள் ஊரில் இல்லாதபோது அது நின்றால் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்.

ஒரே ஸ்பாட்டிஃபை கணக்கில் அறைக்கு ஒரு பாட்டுப் போடலாமா?

முடியாது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான். எல்லா அறையிலும் ஒரே பாட்டு என்றால் சரி. மகள் மாடியில் ஒன்று, நீங்கள் ஹாலில் ஒன்று என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குத் தரும் திட்டம் வேண்டும்.

லாஸ்லெஸ் (தரம் குறைக்காதது), ஹை ரெஸ் (சிடியைவிட நுணுக்கமானது) எல்லாம் தேவையா?

சிடி தரம் போதும். அதற்கு மேல் போவதற்கு முன் திரைச்சீலை வாங்குங்கள்.

கரண்ட் பில் ஏறுமா? மின்வெட்டு, 'உம்' என்ற இரைச்சல் இதற்கெல்லாம் என்ன செய்வது?

சும்மா இருக்கும்போது ஒரு கருவி 4 வாட் எடுத்தால், ஆறு கருவிக்கு 24 வாட். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 35 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்னத் தொகையல்ல, அடுத்த படிக்கட்டுக்குத் தள்ளிவிடலாம். கையேட்டில் 'நெட்வொர்க் ஸ்டாண்ட்பை' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். வைஃபையோடு காத்திருக்கும் நிலையின் எண்தான் நமக்கு வேண்டியது.

மின்வெட்டில் ரவுட்டர் அணைந்து எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கர்கள் தேடிப்பிடித்துச் சேரும். ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதியாகும். ஆம்ப்ளிஃபயருக்கு சதுர அலை இன்வெர்ட்டர் கொடுத்தால் சிலவற்றில் இரைச்சல் வரும். சைன் அலை இன்வெர்ட்டரில் வராது.

பாட்டு இல்லாதபோதும் 'உம்' என்று கேட்டால், டிவியின் கேபிள் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் இரண்டு பூமி இணைப்புகளுக்கு நடுவே ஓடும் மின்னோட்டம்தான் காரணம். டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆர்.சி.ஏ. வயருக்குப் பதில் ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் போவது ஒளி என்பதால் அந்தச் சுற்று அறுந்துவிடும். பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. எதில் தொடங்கலாம்?

வயரும் பைப்பும் முதலில், கட்டும்போதே. அடுத்து நல்ல ரவுட்டர். பிறகு ஹாலுக்கு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஸ்ட்ரீமர். மூன்று மாதம் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். வீட்டில் யார், எந்த அறையில், எப்போது பாட்டுக் கேட்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். இரண்டாவதாகப் பெரும்பாலும் சமையலறைதான் கேட்கப்படும், படுக்கையறை அல்ல.

அடுக்குமாடியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால்?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ஆனால் சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் பாடகரின் குரல் அல்ல, சுவர் வழியாகப் போகும் அடித்தொனி. அந்த அடித்தொனியைத் தரும் சப்வூஃபரைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி, ரப்பர் அட்டை மேல் வையுங்கள். அதன் ஒலியைப் பத்து மணிக்கு மேல் தானாகக் குறைக்கும் 'நைட் மோட்' உங்கள் ஆப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சப்வூஃபருக்கு ஒரு டைமர் பிளக் போட்டுவிடுங்கள்.